கொழுத்ததாகப் பார்த்து எடுத்தேன்

மகனே, உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன், இதை யாரிடமும் காட்டாதே. உன் அப்பா எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவரிடமும் காட்டாதே. முக்கியமாக உன் பெரியம்மா கண்ணில் இது படவே கூடாது. படித்து முடித்ததும் அடுப்பில் போட்டுவிடு. உன் காலத்தில் அடுப்பு எப்படி இருக்குமோ தெரியாது. எரிக்க முடியாவிட்டால் துண்டு துண்டாகக் கிழித்துத் தண்ணீரில் ஊற வைத்துவிடு.

நீ இன்னும் பிறக்கவில்லை. எனக்கு இப்போது பதினேழு வயது, பன்னிரண்டாம் வகுப்பு. இன்று தமிழ் மிஸ் ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தார். நாங்கள் எல்லாரும் வயதான தாயாகவோ தந்தையாகவோ இருப்பதாக நினைத்துக்கொண்டு, வளர்ந்துவிட்ட மகனுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும், வாழ்க்கையில் கற்ற பாடத்தைச் சொல்ல வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ரேவதி எழுந்து, "எனக்கு மகன்லாம் வேணாம் மிஸ், எங்க வூட்டு நாய்க்குட்டிக்கு எழுதட்டுமா?" என்று கேட்டாள். "எழுது, அது பதில் போட்டா எடுத்துட்டு வந்து காட்டு" என்றார் மிஸ். வகுப்பே சிரித்தது. என்னால் சிரிக்க முடியவில்லை. கற்ற பாடம் என்ற சொல்லை நோட்டில் எழுதி, உடனே அடித்துவிட்டேன். நாளை கொடுக்க வேண்டிய கடிதத்தைச் சாயங்காலமே எழுதிவிட்டேன். அதில் நேர்மை இருக்கிறது, உழைப்பு இருக்கிறது, பெரியோரை மதித்தல்கூட இருக்கிறது. அதற்கு நல்ல மதிப்பெண் கிடைக்கும். இது வேறு கடிதம். கணக்கு ரஃப் நோட்டின் கடைசிப் பக்கங்களில், அறைக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். நைனாவும் அம்மாவும் கூடத்தில் தூங்கிவிட்டார்கள். இந்த அறை எனக்கும் அக்காவுக்கும் பொது. அவள் தூக்கம் வராமல் மொட்டை மாடியில் உட்கார்ந்திருக்கிறாள். அவளைத்தான் உன் பெரியம்மா என்றேன். அவள் இறங்கி வருவதற்குள் உனக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும்.

உன் பெரியம்மா ஈஸ்ட் வளர்க்கிறவள். பேக்கரியில் ரொட்டி உப்புவதற்குப் போடுகிறார்களே, அதே ஈஸ்ட்தான். வேறோர் உயிரிலிருந்து எடுத்த மரபணுக்களை அதற்குள் வைத்து, கேரட்டிலும் பப்பாளியிலும் இருக்கிற ஆரஞ்சு நிறப் பொருளை அந்த ஈஸ்டையே செய்ய வைத்தாள். சென்னையில் விடுதியில் தங்கி இரண்டு வருடம் பாடுபட்டு அதை உருவாக்கினாள். பிறகு அவளுக்கு ஆராய்ச்சி வழிகாட்டியான மேடம் செஞ்சிக்கு வெளியே ஒரு கல்லூரிக்கு மாறி வந்தபோது, ஈஸ்டோடு இவளும் ஊர் திரும்பினாள். அவள் இதை முதன்முதலாக வீட்டில் விளக்கிய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அம்மா மீன் கழுவிக்கொண்டே, "கேரட்டுதான் கடையிலயே கெடைக்குதே, அத எதுக்குடி ஈஸ்டு செய்யணும்?" என்று கேட்டாள்.

"கேரட்டு வெளைய மூணு மாசம் ஆவுதும்மா. நெலம் வேணும், தண்ணி வேணும். இது ஒரு குடுவைல நாலே நாள்ல பண்ணிடும்."

"அப்ப நெலத்த வித்துட்டு குடுவ வாங்கிடலாமா?" என்றார் நைனா. அவர் உனக்குத் தாத்தா, ஆனால் எனக்கு அப்படி எழுத வரவில்லை, நைனா என்றே எழுதுகிறேன்.

அக்கா விடவில்லை. "நம்ம போர் பைப்பு துருப்புடிக்குது இல்ல நைனா? அந்த மாதிரி ஒரு கேடு நம்ம ஒடம்புக்குள்ளயும் தெனம் நடக்குது. அத தடுக்கற பொருளு இது."

"பைப்புக்கு நான் பெயிண்ட் அடிக்கிறேன்."

"இது உள்ள அடிக்கற பெயிண்டு."

"படிச்சது வீண் போவல" என்றார் நைனா. அதற்குப் பிறகு டீக்கடையில் யார் கேட்டாலும், எம் பொண்ணு உள்ள அடிக்கற பெயிண்டு செய்யுது என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்த ஐப்பசி மழையில் எல்லாம் ஆரம்பித்தது. தீபாவளி விடுமுறையில் கல்லூரி ஒரு வாரம் பூட்டிக் கிடந்தது. மின்னலில் கரண்ட் ஏறி இறங்கி ஆய்வகத்தின் உறைபெட்டி மோட்டார் எரிந்துவிட்டது. திறந்து பார்த்தபோது அக்கா சேமித்து வைத்திருந்த குப்பிகள் எல்லாம் கரைந்து கெட்டுப்போயிருந்தன. ஒன்றிலிருந்தும் ஈஸ்ட் எழவில்லை. மிச்சமிருந்தவை தட்டில் உயிரோடு வளர்ந்துகொண்டிருந்தவை மட்டும்தான். உள்ளங்கை அளவு கண்ணாடித் தட்டில் கூழ் ஊற்றி, அதன்மேல் ஈஸ்டைத் தடவினால் புள்ளி புள்ளியாக முளைக்கும். புதிய உறைபெட்டி வரும்வரை வாராவாரம் பழைய தட்டிலிருந்து நல்ல புள்ளிகளை எடுத்துப் புதிய தட்டில் தடவி உயிரைக் காப்பாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அக்கா அதை நாற்று பிடுங்கி நடுவது என்பாள். அப்படி இரண்டு வாரம் நட்டாள். மூன்றாவது வாரம் நட்ட மறுநாளே டைஃபாய்டு வந்து படுத்துவிட்டாள்.

ஆய்வகத்தில் அந்த வேலை தெரிந்தவர் வேறு யாரும் இல்லை. மேடம் மகளின் பிரசவத்துக்காகச் சென்னை போயிருந்தார். எனக்குத் தெரியும். கோடை விடுமுறை முழுவதும் அக்காவோடு போய் உட்கார்ந்து, கம்பி வளையத்தைத் தீயில் காட்டுவது, ஆறவைப்பது, புள்ளியைத் தொட்டுத் தடவுவது எல்லாம் கற்றிருந்தேன். பள்ளியிலிருந்து கல்லூரி இரண்டு பஸ் நிறுத்தம்தான். அக்கா ஆய்வக உதவியாளர் சேகர் அண்ணனுக்குப் போன் செய்தாள். அவர் நிரந்தர வேலையில் இல்லாதவர். கதவைத் திறந்துவிட்டு நடையின் இரண்டு பக்கமும் பார்த்தார். "ஸ்கூல் புள்ளய உள்ள விட்டன்னு தெரிஞ்சா என்ன வேலைய விட்டு அனுப்பிடுவாங்க பாப்பா. பத்தே நிமிஷம், வந்தமா போனமான்னு இருக்கணும்."

அக்கா காய்ச்சலில் கண்ணை மூடிக்கொண்டே எனக்கு இரண்டு விஷயம் சொல்லியிருந்தாள். "அவசரப்படாத. இப்ப எல்லாம் ஒரே மாதிரி வெள்ளையா இருக்கும். நாலு நாள் ஆனாதான் கலர் வரும். கலர் வந்ததத்தான் எடுக்கணும். அப்புறம், அந்த ரூம்லேர்ந்து உயிரோட எதுவும் வெளிய போவக் கூடாது. பழைய தட்ட வேல முடிஞ்சதும் குக்கர்ல போட்டு சேகர் அண்ணன அவிச்சிடச் சொல்லு." இரண்டுக்கும் தலையாட்டினேன். மகனே, இரண்டையும் நான் செய்யவில்லை.

முதலில் நடந்ததைச் சொல்கிறேன். தட்டுக்கு அன்று இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை வந்திருக்க வேண்டும். ஆனால் அந்த வாரம் மழை விட்டு மண் பதமாக இருந்தது, திங்கட்கிழமை மல்லாட்டை விதைப்பு. வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அதுதான். சனியும் ஞாயிறும் வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து விதைக்காக உரித்தே ஆக வேண்டும், அக்காவும் படுத்துவிட்டதால் ஒரு கை குறைவு. வெள்ளிக்கிழமையே இதை முடித்துவிடலாம் என்று நினைத்தேன். தட்டைத் திறந்தேன். எல்லாம் வெள்ளையாகத்தான் இருந்தது. ஆனால் சில புள்ளிகள் பருமனாக, பளபளவென்று, நெய் சொட்டியது போல இருந்தன. சில குண்டூசித் தலை அளவுகூட இல்லை. நான் யோசிக்கவே இல்லை. நடக்கத் தெரிந்த நாளிலிருந்து முறத்துக்கு முன்னால் உட்கார்ந்து வளர்ந்தவள் நான். "கொழுத்ததா பாத்து எடுறீ. சிறுசு, சொத்தையெல்லாம் செக்குக்குப் போவட்டும்" என்று நைனா சொல்லிச் சொல்லி, என் விரலே அதைக் கற்றுக்கொண்டிருந்தது. முதல் நாள் ராத்திரிகூட ஒரு மரக்கால் அப்படிப் பொறுக்கியிருந்தேன். கொழுத்த புள்ளிகளாகப் பார்த்துத் தொட்டுப் புதிய தட்டில் தடவினேன். நன்றாகச் செய்தோம் என்ற பெருமையோடு வீட்டுக்கு வந்தேன்.

மல்லாட்டைக்கு அது சரி. அக்காவின் ஈஸ்டுக்கு அது நேர் தலைகீழ். இதை நான் பின்னால்தான், அவளுடைய நோட்டைத் திருட்டுத்தனமாகப் படித்துத் தெரிந்துகொண்டேன். அந்த ஆரஞ்சுப் பொருளைச் செய்வது ஈஸ்டுக்குப் பெரிய சுமை. தின்பதில் பாதி அதற்கே போய்விடும். அதனால் சுமக்கிறவை மெதுவாக வளரும், சிறியதாகவே இருக்கும். நடுவில் சில, அக்கா வைத்த மரபணுவை உதறிவிடும். உதறியவுடன் அதற்கு ஒரு கவலையும் இல்லை, தின்று கொழுக்கும். நான் பார்த்துப் பார்த்து எடுத்தது எல்லாம் உதறியவற்றை. சுமந்தவற்றை விட்டுவிட்டேன்.

அடுத்த வாரம் போனபோது புதிய தட்டு வெண்ணெய் போல வழவழவென்று நிறைந்திருந்தது. ஒரு புள்ளிகூட நிறம் மாறவில்லை. பழைய தட்டு அவிக்கப்படாமல் குளிர்பெட்டியிலேயே இருந்தது, சேகர் அண்ணனிடம் சொல்ல மறந்திருந்தேன். அதை வெளியே எடுத்தேன். மகனே, அந்த நிறத்தை உனக்கு எப்படிச் சொல்வேன். நான் தொடாமல் விட்ட குட்டிப் புள்ளிகள் எல்லாம் கனகாம்பரப் பூ நிறத்துக்கு வந்திருந்தன. பெரிதாக இருந்தவை மட்டும் சோற்றுப் பருக்கை போல வெள்ளையாகவே கிடந்தன. அந்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரியாதது போல இருந்துகொண்டேன். புதியதற்கும் நாளாக ஆக நிறம் வரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சேகர் அண்ணன் வாசலிலிருந்து, "பாப்பா, யாரோ வராங்க, சீக்கிரம்" என்றார். வெள்ளைத் தட்டிலிருந்தே மறுபடி எடுத்து நட்டேன். ஆரஞ்சுத் தட்டைக் குக்கரில் போட மனம் வரவில்லை. அழகாக இருந்தது, அதனால் மட்டும்தான். அறிவாளித்தனமாக எதையும் நினைத்துச் செய்யவில்லை. சுற்றிலும் டேப் ஒட்டி, காலி டிபன் டப்பாவில் வைத்து, புத்தகப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா கேட்டாள். மூன்று நாளாகக் கஞ்சிகூட இறங்காமல் இருந்தாள், உதடு வெடித்திருந்தது. "கலர் வந்துச்சாடி?"

"வந்துச்சுக்கா."

"எப்படி இருக்குது?"

"கனகாம்பரம் மாதிரி இருக்குதுக்கா."

அவள் சிரித்தாள். படுத்ததிலிருந்து அன்றுதான் சிரித்தாள். அம்மாவைக் கூப்பிட்டு ரசம் சாதம் கேட்டாள். பார், நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. எந்தத் தட்டு என்று மட்டும் சொல்லவில்லை. இப்படியும் பொய் சொல்லலாம் என்று எனக்கு அதுவரை தெரியாது. ஒருநாள் உனக்கும் இப்படி வாயில் வரும். எதிரில் இருப்பவரின் முகம் மலர்வதைப் பார்த்து நாம் நல்லதுதான் செய்தோம் என்று தோன்றும். அன்று அந்த ரசம் சாதத்தை அவள் ஒரு பருக்கை விடாமல் தின்றாள்.

டப்பாவை எங்கள் குளிர்பெட்டியில், தோசை மாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். இரண்டாம் நாளே அம்மா கண்டுபிடித்துவிட்டாள். "இன்னாடி இது, பூவ அரைச்சி வச்சிருக்க?"

"ஸ்கூல் ப்ராஜக்ட்மா, தொடாத."

"மாவுக்குப் பக்கத்துல வச்சா தோச செவப்பா வரும்போல இருக்குது. அப்புறம் உன் ப்ராஜக்ட்ட நீயே தின்னு" என்று சொல்லிவிட்டுக் காய்கறித் தட்டுக்குக் கீழே தள்ளிவைத்தாள். அங்கேயே ஒரு மாதமாக இருக்கிறது.

மூன்றாம் முறையும் நானே போய் வெள்ளையிலிருந்தே நட்டேன். அதன்பிறகு அக்கா எழுந்து கல்லூரிக்குப் போனபோது அவளுக்குக் கிடைத்தது வெறும் வெள்ளை. இரண்டு வாரம் என்னென்னவோ செய்து பார்த்தாள். எதிலும் நிறம் வரவில்லை. திரும்பி வந்த மேடம், "நீ படுத்திருந்தப்போ யார் பாத்துக்கிட்டது?" என்று கேட்டிருக்கிறார். என்னையும் சேகர் அண்ணனையும் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று அக்கா, "நானே வந்து மாத்திட்டுப் போனேன் மேடம்" என்று சொல்லிவிட்டாள். சாயங்காலம் வந்து என்னைத் தனியே அழைத்துப்போய்க் கேட்டாள். "உண்மைய சொல்றீ. நீ மாத்தனப்பல்லாம் கலர் இருந்திச்சா? ஒனக்கு ஒண்ணும் ஆவாது. எனக்குத் தெரிஞ்சா போதும்."

அப்போது சொல்லியிருக்கலாம். அவ்வளவு மெதுவாகக் கேட்டாள். நான், "இருந்துச்சுக்கா, மூணு தடவையும் இருந்துச்சு" என்றேன். அவள் தன் இரண்டு உள்ளங்கைகளையும் பார்த்துக்கொண்டே நின்றாள். "அப்ப என் கையிலதான் போயிருக்குது" என்றாள்.

மறுபடி அதை உருவாக்க ஒன்றரை வருடமாவது ஆகுமாம். ஆராய்ச்சியை முடிக்க அவளுக்கு மிச்சமிருப்பது எட்டு மாதம். நாளைக் காலை மேடத்திடம் ஆய்வை நிறுத்திக்கொள்வதாகக் கடிதம் கொடுக்கப் போகிறாள். ஒரே பக்கம்தான். இந்த மேசையில், என் முழங்கைக்குப் பக்கத்தில் இருக்கிறது. 'என்னுடைய கவனக்குறைவால்' என்று தொடங்குகிறது. சாப்பிடும்போது நைனா அவளைத் தேற்றுவதற்கு ஏதோ சொன்னார். அவள், "இந்தக் கையால இனிமே சோறு மட்டும் பெசஞ்சா போதும் நைனா" என்றாள். நைனா பாதிச் சோற்றோடு கை கழுவ எழுந்துவிட்டார்.

எனக்கு ஒரு திட்டம் இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்கிறேன். டப்பாவில் இருக்கும் தட்டின் அடியில் அக்காவின் கையெழுத்திலேயே தேதி இருக்கிறது. கூழ் ஓரத்தில் கொஞ்சம் வெடித்திருந்தாலும் புள்ளிகள் நன்றாகத்தான் இருக்கின்றன. காலையில் சேகர் அண்ணன் கையில் இதைக் கொடுத்து, ஆய்வகக் குளிர்பெட்டியில் பின்னால் ஒரு மூலையில் வைக்கச் சொன்னால் போதும். யாராவது கண்டெடுப்பார்கள். ஒரு தட்டு மறந்துபோய்க் கிடந்திருக்கிறது என்பார்கள். அக்காவின் ஈஸ்ட் பிழைத்துவிடும். பள்ளிப் பெண் உள்ளே வந்ததும் தெரியாது, உயிருள்ள தட்டு வெளியே போய்த் தோசை மாவுக்குப் பக்கத்தில் இருந்ததும் தெரியாது, சேகர் அண்ணன் வேலையும் நிலைக்கும். மூன்று நாளாக இந்தத் திட்டத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். அதில் ஒரு ஓட்டைகூட இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

நான் ஏழாவது படிக்கும்போது நைனாவின் கத்தரிச் செடிகள் ஒரே வாரத்தில் சுருண்டு கருகின. களைக்கொல்லி அடித்த டேங்கைக் கழுவாமல் அதிலேயே பூச்சி மருந்து கலந்து அடித்துவிட்டார். அந்த டேங்கைத் தூக்கிக் கொடுத்தவள் நான், அடியில் மிச்சம் ஆடியதை நானும் பார்த்தேன். அவர் அம்மாவிடம், "மருந்துக் கடக்காரன் மட்டமான சரக்கக் குடுத்துட்டான்" என்றார். சொன்னதோடு நிற்காமல் அவலூர்பேட்டைக்குப் போய் அந்தக் கடைக்காரரோடு நடுத்தெருவில் சண்டையும் போட்டுவிட்டு வந்தார். அந்த மனிதர் கடைசிவரை கையைக் கூப்பிக்கொண்டு நின்றாராம். இப்போதும் நைனா சந்தைக்குப் போனால் அந்தத் தெரு வழியாகப் போக மாட்டார். மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டைச் சுற்றி நடப்பார். கேட்டால், "இந்தப் பக்கம் நெழலு" என்பார். அந்தப் பக்கம் ஒரு மரம்கூடக் கிடையாது. நானும் அவர் பின்னாலேயே வெயிலில் நடந்திருக்கிறேன், ஒன்றும் கேட்காமல்.

என் திட்டப்படி நடந்தால் ஈஸ்ட் பிழைக்கும், அக்காவின் கை பிழைக்காது. தட்டு கிடைத்த பிறகும், தான் எங்கேயோ தவறினோம், தன்னால் இதைக் காப்பாற்ற முடியவில்லை என்றே அவள் நினைப்பாள். ஒவ்வொரு தட்டைத் திறக்கும்போதும் உள்ளங்கையைப் பார்த்துக்கொள்வாள். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். பிறகு நான் அந்த ஆய்வகத்துக்குப் போவதை நிறுத்துவேன், அப்புறம் அவள் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுவதை நிறுத்துவேன். ஒரே வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி நடப்பேன்.

சொன்னால் என்ன ஆகும் என்றும் எனக்குத் தெரியாது. தட்டு வெளியே போனதற்காக அவளையே அனுப்பிவிடலாம். சேகர் அண்ணன் வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள். மேடம் நல்லவர்தான், ஆனாலும் எவ்வளவு நல்லவர் என்று எனக்குத் தெரியாது. உனக்கு நான் ஒரு பாடம் சொல்ல வேண்டும் என்றால், மகனே, என்னிடம் இருப்பது இதுதான். கலர் வந்துச்சாடி என்று அவள் கேட்ட அன்றைக்கு இதைச் சொல்ல ஒரே ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. இப்போது ரஃப் நோட்டில் பாதி தீர்ந்துவிட்டது, இன்னும் யாரிடமும் சொன்னபாடில்லை. பிறக்காத உன்னிடம் சொல்வதில் என்ன தைரியம் இருக்கிறது?

டப்பாவைச் சற்று முன்னால் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து வந்தேன். மடியில் இருக்கிறது. பாவாடை சில்லென்று நனைந்துவிட்டது. மூடியைத் திறந்து எண்ணிப் பார்த்தேன், பதினொரு புள்ளி. குட்டியாக, அடர்த்தியாக, ஒன்றுகூட வெளுக்காமல்.

மாடிப்படியில் செருப்புச் சத்தம். இறங்கி வருகிறாள். விளக்கை அணைத்துவிட்டுத் தூங்குவது போலப் படுத்துக்கொள்ள இன்னும் நேரம் இருக்கிறது.

தட்டுகிறாள். "கதவத் தொறடி. இந்நேரத்துக்கு லைட்டு போட்டுகிட்டு இன்னா பண்ற?"

மகனே, யாரிடமும் காட்டாதே என்று மேலே எழுதியிருக்கிறேனே, அதை அடித்துவிடு. நோட்டை நான் மூடவில்லை. டப்பாவும் கையில்தான்